முறையும் கையும்

கணையத் தலையில் கட்டி என்று தெரிந்து வருகிற குடும்பங்களில் நோயாளி அதிகம் பேசமாட்டார். கண்ணெல்லாம் மஞ்சளாக, கைகால்களில் சொறிந்த தழும்போடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்பவர் மகன், அல்லது மருமகன். கைப்பேசியில் நிறையப் படித்துவிட்டு வந்திருப்பார். "சார், வயித்தைத் திறந்து பண்றதா, துளை போட்டுப் பண்றதா? ரோபோ இருக்காமே, அது இன்னும் நல்லதா?"

நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்ல அரை மணி நேரமாவது வேண்டும். புறநோயாளிப் பிரிவில் அவ்வளவு நேரம் கிடைக்காது. நான் இந்த வேலைக்கு வந்தபோது திறந்த அறுவை மட்டும்தான் இருந்தது. பிறகு லேப்ராஸ்கோப்பி வந்தது, அதன்பின் ரோபோ வந்தது. மூன்றையும் மேசையருகே நின்று பார்த்தவன் என்ற முறையில், அவசரமில்லாமல் இங்கே சொல்கிறேன்.

கணையம் வயிற்றின் பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கிற உறுப்பு. அதன் தலையை முன்சிறுகுடல் வளைத்துப் பிடித்திருக்கும். வால் இடப்பக்கம் மண்ணீரல்வரை போகும். கழுத்துக்கு நேர் பின்னால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை. அதற்கு இடப்புறம், சிறுகுடலுக்கு ரத்தம் தரும் பெரிய தமனி, எஸ்.எம்.ஏ. என்று நாங்கள் சொல்வது இதைத்தான். புற்று சிரையைத் தொட்டிருந்தால், சிரையில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுத் திரும்பத் தைக்க முடியும். தமனியைச் சுற்றி வளைத்திருந்தால் உடனே கத்தி எடுப்பதில்லை, முதலில் கீமோதான். கண்டுபிடிக்கிற நாளிலேயே அறுவைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் 100 பேரில் 15 முதல் 20 பேர்தான்.

தலையில் வரும் கட்டி பித்தக்குழாயை அடைத்துக் காமாலையைக் கொண்டுவரும், பல நேரம் வலியே இல்லாமல். எங்கள் ஊரில் காமாலை என்றால் முதலில் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம். மலம் வெளுத்து, இரவெல்லாம் அரித்து, எடை கரைந்த பிறகுதான் ஸ்கேனுக்கு வருவார்கள். அப்படியும் அவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்றே சொல்வேன். வாலில் கட்டி வருபவருக்குக் காமாலை என்ற எச்சரிக்கைகூடக் கிடையாது. முதுகு வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். அறுபது வயதில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்திருக்கும். யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

காமாலையோடு வருகிறவருக்கு உடனே ஸ்டென்ட் வைத்துப் பித்தத்தை வடித்துவிட வேண்டும் என்பது பலருடைய எண்ணம். நெதர்லாந்தில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு அதைக் கேள்வி கேட்டது. நேரடியாக அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது; ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு. ஆனால் அந்த ஆய்வில் பிலிருபின் மிக ஏறிப்போனவர்களைச் சேர்க்கவில்லை. எங்களிடம் வருகிறவர் பலருக்கு 20ஐத் தாண்டியிருக்கும். சிலருக்குக் குளிர்காய்ச்சலும் இருக்கும். அவர்களுக்கு ஸ்டென்ட் தவிர்க்க முடியாதது. ஓர் ஆய்வின் முடிவைப் படிக்கும் முன் அதில் யாரைச் சேர்த்தார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது. பின்னால் அது பெரிதாகக் கைகொடுத்தது.

கணையத் தலையை எடுக்கும் அறுவைக்கு விப்பிள் என்று பெயர். நியூயார்க்கில் ஆலன் விப்பிள் 1935இல் இதை இரண்டு கட்டமாகச் செய்து வெளியிட்டார். அவருக்கு முன்பே 1909இல் பெர்லினில் வால்ட்டர் கவுஷ் செய்திருக்கிறார். 1898இல் இத்தாலியில் கோடிவில்லா முயன்று நோயாளியை இழந்திருக்கிறார். விப்பிள் முதலில் கணையத்தின் வெட்டு முனையைக் குடலோடு இணைக்காமல் தைத்து மூடினார். கணைய நீர் அந்தத் தையலை மதிக்கவில்லை. குடலோடு இணைக்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. காமாலைக்காரர்களுக்கு ரத்தம் உறையாத சிக்கலை வைட்டமின் கே தீர்த்தபின் 1940இல் ஒரே கட்டமாகச் செய்தார். தன் வாழ்நாளில் அவர் செய்தவை மொத்தம் 37 என்று பதிவாகியிருக்கிறது. இன்று ஒரு பெரிய மையம் ஓராண்டில் அதைவிட அதிகம் செய்துவிடும்.

1970கள்வரை விப்பிள் செய்துகொண்டவர்களில் நாலைந்து பேரில் ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்தார். கிளீவ்லாந்தில் ஜார்ஜ் கிரைல், இதை விட்டுவிட்டுப் பித்தத்துக்கு ஒரு மாற்றுவழி மட்டும் போட்டு அனுப்பலாம் என்று 1970இல் எழுதினார். அந்தக் காலக் கணக்கில் அது நியாயமான வாதம். பிறகு 1993இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து ஜான் கேமரனின் குழு, தொடர்ந்து 145 பேரை ஒரு மரணமும் இல்லாமல் அறுவை செய்ததாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் அறுவையின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. மயக்க மருந்து, தீவிர சிகிச்சை, ஸ்கேன் எல்லாம் வளர்ந்திருந்தன; அத்தோடு, ஒரே இடத்தில் ஒரே குழு திரும்பத் திரும்பச் செய்தது.

நான் பயிற்சி பெற்றது ஓர் அரசு மருத்துவமனையில். ஸ்டேப்ளர் தோட்டாக்கள் விலை அதிகம் என்பதால் எல்லாமே கைத்தையல். எங்கள் சீஃப் முன்சிறுகுடலைப் பின்சுவரிலிருந்து விடுவித்ததும் இடது கையைக் கணையத் தலைக்குப் பின்னால் நுழைப்பார். கட்டைவிரல் முன்னால், மற்ற விரல்கள் பின்னால். தமனித் துடிப்பு எங்கே இருக்கிறது, அதற்கும் கட்டிக்கும் நடுவே மென்மையான இடம் உண்டா என்று கண்ணை மூடித் தேடுவார். "நீயும் கையை விடு. என்ன தெரியுது?" என்பார். தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் அவரிடம் திட்டு கிடையாது.

அந்நாளில் கணையக் கழுத்தை முதலில் வெட்டுவோம். வெட்டியபின் தமனியில் புற்று ஒட்டியிருப்பது தெரிந்தால் பின்வாங்க வழியில்லை. இப்போது தமனியை முதலில் திறந்து பார்க்கும் முறை பரவியிருக்கிறது. சுத்தமாக இருந்தால் மட்டுமே கழுத்தில் கத்தி. முறைகளை ஒப்பிடும்போது எனக்குச் சந்தேகமே இல்லாமல் மேலானதாகப் படுகிற மாற்றம் இது. வெட்டின் அளவோடு இதற்குத் தொடர்பில்லை. எந்த வரிசையில் முடிவெடுக்கிறோம் என்பதே இதன் பலன். வலப்பக்கக் கல்லீரல் தமனி சிலருக்கு எஸ்.எம்.ஏ.யிலிருந்து கிளம்பி, கணையத் தலைக்குப் பின்னால் ஏறும். தமனியை முதலில் தேடுகிறவர் அதையும் முன்பே பார்த்துக் காப்பாற்றிவிடுவார்.

மற்ற சண்டைகள் பெரும்பாலும் சமநிலையில் முடிந்தவை. இரைப்பையின் அடிவாயிலை வைத்துக்கொள்வதா, எடுப்பதா? வைத்துக்கொள்ளும் முறையை டிராவர்சோவும் லாங்மையரும் 1978இல் பரப்பினார்கள். பல ஆண்டு வாதாடிய பிறகும் பெரிய வித்தியாசம் நிரூபணமாகவில்லை. நிணநீர்க் கணுக்களை இன்னும் தொலைவுவரை சுரண்டி எடுத்தால் ஆயுள் கூடுமா? இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சோதித்தார்கள். ஆயுள் கூடவில்லை, வயிற்றுப்போக்குதான் கூடியது. மீதிக் கணையத்தைச் சிறுகுடலோடு இணைப்பதா, இரைப்பையோடா? ஹாப்கின்ஸில் 1995இல் 145 பேரிடம் பார்த்தபோது கசிவு இரைப்பையில் 12.3, குடலில் 11.1 சதவீதம். ஜெர்மனியில் 2016இல் 320 பேரிடம் பார்த்தபோது 20க்கு 22. எங்கள் சீஃப் குடல் கட்சி. பக்கத்து யூனிட் சீஃப் இரைப்பை கட்சி. மாதாந்திரக் கூட்டத்தில் இருவரும் மோதிக்கொள்வதைப் பார்க்கவே பி.ஜி. மாணவர்கள் முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள். இருவருடைய வார்டிலும் கசிவுகள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன.

ஏன் அப்படி என்று புரிய, மேசையில் கணையத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நாள்பட்ட அழற்சியில் கல் கட்டிய கணையத்தைத் தென்னிந்தியாவில் நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். இறுகி, நார் நாராக, குழாய் அகன்று இருக்கும். அதில் எப்படித் தைத்தாலும் நிற்கும். குழாயைப் புற்று நாளடைவில் அடைத்திருந்தாலும் ஏறக்குறைய அதே நிலைதான். ஆனால் பித்தக்குழாய் முனையிலோ முன்சிறுகுடலிலோ வந்த சின்னக் கட்டிக்காக விப்பிள் செய்யும்போது, கணையம் நோயில்லாமல் வெண்ணெய்போல் இருக்கும். குழாய் 2, 3 மில்லிமீட்டர். மெல்லிய நூலை முடிச்சிடும்போது கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் நூலே கத்தியாகித் திசுவைக் கிழித்துவிடும். "தம்பி, நூலை இழுக்காத. அதுவா உக்காரும்," என்பார் சீஃப். பல்வேறு தையல் முறைகளுக்குப் பல்வேறு மேதைகளின் பெயர்கள் உண்டு. கசிவு வருமா என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்குகளைப் பார்த்தால், அவற்றில் முதலில் நிற்பவை கணையத்தின் மென்மையும் குழாயின் அளவும்தான். தையலின் பெயர் அதில் இல்லை.

கசிவு என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கணைய நீர் புரதத்தைச் செரிக்கப் பிறந்தது. இணைப்பு கசிந்தால் அது பக்கத்தில் இருக்கிற எதையும் செரிக்கத் தொடங்கும். அறுவையில் கட்டிவிட்ட தமனியின் முனை அருகிலேயே இருக்கும். மூன்றாம் நாள், வயிற்றில் விட்டிருக்கும் வடிகுழாய் (ட்ரெயின்) நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதியைப் பார்ப்போம். ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு என்று கணக்கு. பலருக்கு அது எண்ணோடு நின்றுவிடும், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சிலருக்குச் சீழ், காய்ச்சல், வாரக்கணக்கில் குழாய். மிகச் சிலருக்கு ரத்தம்.

அப்படி ஓர் இரவு. விப்பிள் முடிந்து இரண்டாவது வாரத்தில் இருந்த பெரியவர், கஞ்சி குடித்து நடந்துகொண்டிருந்தவர். ட்ரெயின் பையில் கொஞ்சம் சிவப்பு இருப்பதாக வார்டு சிஸ்டர் அழைத்தார். "பெருசா இல்ல சார். ஆனா சாயங்காலம் இல்ல, இப்ப இருக்கு." அந்தச் சின்னச் சிவப்பு பெரும்பாலும் பெருவெள்ளத்துக்கு முன் வரும் அறிகுறி. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தன. ஆனாலும் சி.டி. எடுத்தோம், கட்டிய தமனி முனையில் குமிழ் தெரிந்தது. ரேடியாலஜி மருத்துவர் வீட்டிலிருந்து வந்து, தொடை வழியாகக் குழாய் செலுத்தி, காயில் என்கிற சுருள் கம்பி வைத்து அடைத்தார். பெரியவர் பிழைத்தார். அவர் மகள் எனக்கு நன்றி சொன்னபோது, "அந்த சிஸ்டருக்குச் சொல்லும்மா" என்றேன். என் தையல் கசிந்தும் அவர் பிழைத்தார் என்றால், சிவப்பைக் கவனித்த கண்ணும், நடு இரவில் வரத் தயாரான ஆளும் இருந்ததுதான் காரணம்.

இனி துளை விஷயம். லேப்ராஸ்கோப்பியில் விப்பிள் செய்ததை முதலில் எழுதியவர் காக்னே, 1994இல். பல ஆண்டுகள் அது வித்தைபோலவே பார்க்கப்பட்டது. திறந்த அறுவையோடு சீட்டுக் குலுக்கி ஒப்பிட்ட முதல் ஆய்வு எங்கள் பக்கத்திலிருந்தே வந்தது. கோவையில் டாக்டர் சி. பழனிவேலுவின் குழு 64 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து 2017இல் முடிவை வெளியிட்டது. லேப்ராஸ்கோப்பியில் நேரம் கூடுதல், 320 நிமிடத்துக்கு 359. ரத்த இழப்பு குறைவு, 401 மில்லிக்கு 250. மருத்துவமனையில் இருந்தது 13 நாளுக்குப் பதில் 7. சிக்கல்களில் வித்தியாசமில்லை. இரு பக்கமும் ஒவ்வொரு மரணம்.

கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேச்சு ஓயுமுன், 2019இல் நெதர்லாந்திலிருந்து வேறு செய்தி வந்தது. அங்கே பல மருத்துவமனைகள் சேர்ந்து அதே ஒப்பீட்டைத் தொடங்கின. முறையான பயிற்சி முடித்த, ஆண்டுக்குக் குறைந்தது 20 விப்பிள் செய்கிற இடங்கள். 99 பேரோடு ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அறுவைச் சிக்கலால் 90 நாளுக்குள் இறந்தவர்கள், லேப்ராஸ்கோப்பி பக்கம் 50 பேரில் 5, திறந்த அறுவையில் 49 பேரில் 1. எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் நிறுத்தியது சரி.

ஒரே அறுவைக்கு இரண்டு ஊரில் இரண்டு பதில். இளைய மருத்துவர்கள் என்னிடம் "எதை சார் நம்பறது?" என்று கேட்பார்கள். இரண்டையும் நம்ப வேண்டும் என்பேன். கோவையில் செய்தவர்கள் ஆய்வுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த அறுவையைத் துளை வழியாகச் செய்து பழகியவர்கள். நெதர்லாந்தில் திறந்த அறுவை வல்லுநர்கள் புதிய முறையில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். 2021இல் சீனாவின் 14 மையங்களிலிருந்து ஒரு முடிவு வந்தது. அதில் சேர ஒவ்வொரு நிபுணரும் முன்பே குறைந்தது 104 லேப்ராஸ்கோப்பி விப்பிள் செய்திருக்க வேண்டும் என்று விதி. மரணத்தில் வித்தியாசம் இல்லை. லாபமும் பெரிதில்லை, மருத்துவமனையில் 16 நாளுக்குப் பதில் 15 நாள். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், முறைகளை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் கைகளைத்தான் அளந்திருக்கிறோம்.

லேப்ராஸ்கோப்பியில் எடுப்பது பழகிவிடும். பெருக்கிக் காட்டும் திரையில் தமனிக்குப் பக்கத்துத் திசு திறந்த அறுவையைவிடத் தெளிவாகத் தெரியும். கஷ்டம் தைப்பதில். மடங்காத நீண்ட கருவிகளால், மென்மையான கணையத்தில், 2 மில்லிமீட்டர் குழாயில் தைக்க வேண்டும். சீஃப் சொல்லித்தந்த கையுணர்வு அங்கே மங்கிவிடும். ரோபோ இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. அதன் கருவிகள் மணிக்கட்டுபோல் திரும்பும், நடுக்கத்தை வடிகட்டும், படம் முப்பரிமாணத்தில் இருக்கும். ஆனால் நூல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பெரும்பாலான கருவிகளில் விரலால் உணர முடியாது. திசு வெளுப்பதைக் கண்ணால் பார்த்து நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டவர்கள் அழகாகத் தைக்கிறார்கள். செலவோ பெரிய செலவு. அந்தப் பணத்தைக் கீமோவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிச் சில குடும்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இடப்பக்கம் கதை வேறு. உடலிலோ வாலிலோ கட்டி என்றால் அந்தப் பாதியை, பெரும்பாலும் மண்ணீரலோடு சேர்த்து எடுத்தால் போதும். தைத்து இணைக்க ஒன்றுமில்லை. இங்கே துளை வழி தயக்கமில்லாமல் ஜெயித்தது. இதற்கான இன்னொரு நெதர்லாந்து ஆய்வில் நோயாளிகள் 6 நாளுக்குப் பதில் 4 நாளில் தேறினார்கள். புற்றை முழுமையாக எடுப்பதில் அது திறந்த அறுவைக்குக் குறைந்ததல்ல என்று 12 நாடுகள் சேர்ந்த ஆய்வு 2023இல் காட்டியது. வாலில் கட்டி உள்ளவரின் மகன் துளை போட முடியுமா என்று கேட்டால் இப்போது யோசிக்காமல் ஆமாம் என்கிறேன். மண்ணீரல் போவதால் போட வேண்டிய தடுப்பூசிகளைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுவேன்.

வெட்டு சிறியதா பெரியதா என்பதைவிட எனக்குக் கவலை தருவது அறுவைக்குப் பின் வரும் மூன்று மாதம். இந்தப் புற்றுக்கு அறுவை மட்டும் போதாது. 2018இல் பிரான்ஸ், கனடா ஆய்வில், அறுவைக்குப்பின் பல மருந்துகள் சேர்ந்த தீவிர கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 54.4 மாதம், ஒற்றை மருந்து பெற்றவர்களுக்கு 35 மாதம். அந்த மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். கசிவோடு இரண்டு மாதம் படுத்தவருக்கு அது கிடைக்காமலே போகலாம். எனக்கு நல்ல முறை என்பது, நோயாளி எழுந்து நடந்து கீமோ நாற்காலியில் உட்காரும்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஏழு நாளில் வீடு திரும்புவது அதற்கு உதவினால் சந்தோஷம்.

அங்கே கொண்டுசேர்ப்பதில், ஒரு மருத்துவமனை செய்யும் அறுவைகளின் எண்ணிக்கைக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2002இல் கணக்கிட்டபோது, மிகக் குறைவாகக் கணைய அறுவை செய்யும் மருத்துவமனைகளில் மரணம் 16.3 சதவீதம், மிக அதிகம் செய்யும் இடங்களில் 3.8. திறந்ததா, துளையா, ரோபோவா என்ற எந்த ஒப்பீட்டிலும் இவ்வளவு பெரிய இடைவெளியை நான் பார்த்ததில்லை.

நெதர்லாந்துக்காரர்கள் நாடு முழுவதும் நடக்கும் கணைய அறுவைகளை ஒரே பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். அதனால்தான் தங்களுக்கு எதிரான முடிவு வந்தபோதும் மறைக்காமல் வெளியிட்டு, லேப்ராஸ்கோப்பி விப்பிளை ஒதுக்கிவைக்க அவர்களால் முடிந்தது. நம்மிடம் வரவேற்பறைச் சுவரில் அறை வாடகை எழுதியிருக்கும், புதிதாக வாங்கிய ரோபோவின் படம் இருக்கும். போன ஆண்டு இங்கே எத்தனை விப்பிள், எத்தனை பேர் 90 நாள் தாண்டினார்கள், ராத்திரியில் காயில் வைக்க ஆள் உண்டா என்பது எங்கும் எழுதியிருக்காது. எழுத வேண்டும் என்று கூட்டங்களில் சொல்லி வருகிறேன். கஷ்டமான நோயாளிகளை எடுக்கும் மருத்துவமனைக்குக் கெட்ட பெயர் வருமே என்பார்கள். வரும்தான். நோயாளியின் நிலையையும் கணையத்தின் தன்மையையும் சேர்த்துப் பதிந்தால் அதைச் சரிக்கட்டலாம்.

எங்கள் பிரிவில் பி.ஜி. மாணவர்கள் எழுதும் பதிவேடு ஒன்று இருக்கிறது. கணையம் மென்மையா, குழாய் எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தையல், மூன்றாம் நாள் அமைலேஸ், கீமோ தொடங்கிய தேதி, எல்லாம் அதில் உண்டு. இறந்தவர்களின் வரிசையும் உண்டு. கேட்கிற குடும்பத்துக்குப் பெயர்களை மறைத்துக் காட்டுகிறேன். இதுவரை கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.